மின்பதிப்பும் உலாவிச் சோதனையும்: ஒத்தியைவு மென்பொருள், மெய்நிகர்க் கணினி – ஓர் ஒப்பீடு

முன்னுரை

சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காட்டுவது பதிப்பாசிரியரின் கடமையாகும். மின்பதிப்பில் அக்கடமை திரைத்தோற்றத்திற்கும் விரிகிறது. சேலம் சூரமங்கலத்தில் ஒரு மாணவர் கைப்பேசியில் காணும் பாடமும், பதிப்பாசிரியர் தம் கணினியில் சரிபார்த்த பாடமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இதனை உறுதிசெய்யும் சோதனைக்கு ஏற்ற மென்பொருள் எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிறழ்ச்சியின் காரணங்கள்

ஒருங்குறியில் 'கொ' என்னும் எழுத்தின் உயிர்க்குறி ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவோ சேமிக்கப்படலாம். இவ்விரண்டும் நிகரானவை என்பது ஒருங்குறியின் விதி. எனினும், அவ்விதியைக் கைக்கொள்ளாத தேடுநிரல் ஒன்றைக் கண்டு மற்றொன்றைத் தவறவிடும். 'ஶ' என்னும் எழுத்து 2005இல் வெளிவந்த ஒருங்குறி 4.1 பதிப்பில்தான் இடம்பெற்றது. அதனைக் கொண்ட எழுத்துரு இல்லாத பழைய கணினியில் வெற்றுக் கட்டமே தோன்றும். எழுத்துரு, எழுத்தமைப்புப் பொறி, இயங்குதளம் ஆகிய மூன்றும் சேர்ந்தே திரைவடிவைத் தீர்மானிக்கின்றன.

இருவகை மென்பொருள்கள்

1993இல் தொடங்கப்பெற்ற வைன், விண்டோஸ் நிரல்களை லினக்சில் இயக்கும் ஒத்தியைவு மென்பொருளாகும். இதற்கு விண்டோஸ் உரிமம் வேண்டுவதில்லை. நினைவகத் தேவையும் குறைவு. ஆயினும் விண்டோசுக்குரிய லதா, நிர்மலா எழுத்துருக்கள் இதனுடன் வருவதில்லை. எனவே, இதில் பிழையின்றித் தோன்றும் பக்கம் விண்டோசிலும் அவ்வாறே தோன்றும் எனத் துணிதல் இயலாது. அது படியை மட்டும் கண்டு மூலத்தை முடிவுசெய்வதை ஒக்கும்.

வர்ச்சுவல் பாக்ஸ் போன்ற மெய்நிகர்க் கணினி, இயங்குதளத்தையே முழுமையாக நிறுவ இடந்தருகிறது. உரிமமும் மிகுதியான நினைவகமும் இதற்குத் தேவை. ஆயினும் பல இயங்குதளப் பதிப்புகளைத் தனித்தனியே பேணலாம்; சோதனைக்குப்பின் முந்தைய நிலைக்கு மீளவும் கூடும்.

சஃபாரி உலாவி இவ்விரண்டிற்கும் அப்பாற்பட்டது. ஆப்பிளின் உரிமம், மேக் இயங்குதளத்தை அந்நிறுவனக் கணினிகளில் மட்டுமே மெய்நிகராக இயக்க அனுமதிக்கிறது. லினக்சின் வெப்கிட் உலாவி இதற்கு ஈடாகாது. அது ஹார்ஃப்பஸ் பொறியால் எழுத்தமைக்க, சஃபாரி கோர் டெக்ஸ்ட் பொறியைக் கொள்கிறது.

முடிவுரை

பக்க அமைப்பின் தொடக்கநிலைச் சோதனைக்கு வைன் போதுமானது. பாடத்தின் தோற்றத்தை உறுதிசெய்ய மெய்நிகர்க் கணினியே ஏற்றது. சஃபாரிக்கு ஆப்பிள் கருவியும், கைப்பேசி வாசகருக்கு உண்மையான கைப்பேசியும் வேண்டும். ஒப்பிட்ட சுவடிகளைப் பதிப்புரையில் சுட்டுவதுபோல, சோதித்த உலாவி, இயங்குதளம், எழுத்துரு ஆகியவற்றையும் மின்பதிப்பில் குறித்தல் வேண்டும். அக்குறிப்பின்றேல், திரையில் காணும் பிழை மூலத்தினதா கருவியினதா எனப் பின்வரும் ஆய்வாளர் பிரித்தறிதல் அரிதாகும்.