வீட்டுக் கணினியில் ஒரு விமானப் பயணம்

குனோங் ராப்பாட் வட்டாரத்தில், சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையத்தை நோக்கி விமானமொன்று தாழ்ந்து வருமாயின், அண்ணாந்து பாராத பிள்ளை இல்லை. இன்று அப்பிள்ளைகளுள் சிலர் வீட்டுக் கணினியிலேயே விமானம் ஓட்டுகின்றனர். 'சிமுலேட்டர்' எனப்படும் இப்பாவனைப் பறப்பு விளையாட்டா, பாடமா என்று பெற்றோர் வினவுகின்றனர். ஓட்டும் முறையைப் பொறுத்தது என்பதே நம் விடை. ஓடுபாதையில் ஆயத்தமாக நிற்கும் விமானத்தைக் கிளப்பி, சுண்ணாம்புக் குன்றுகளுக்கிடையே புகுந்து விளையாடி, இறுதியில் மோதி முடிப்பது விளையாட்டு. பயணத்தைக் கணக்கிட்டு நடத்துவது பாடம்.

இக்கருவியின் வரலாறு சுவையானது. அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பாரின் தந்தையார் ஆர்கன், பியானோ ஆகிய இசைக்கருவிகளைச் செய்தவர். அத்தொழிற்கூடத்தில் வளர்ந்த மகன், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளைக் கொண்டே ஆடியசையும் போலி விமானமொன்றை 1929இல் உருவாக்கினார். நம் பஜனையில் ஒலிக்கும் ஆர்மோனியத்திலும் துருத்தி உண்டன்றோ! பின்னர் 1982இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பறப்பு மென்பொருள் வெளிவந்து, இல்லங்களிலும் இக்கலை புகுந்தது. விலையின்றிக் கிடைக்கும் 'ஃபிளைட் கியர்' என்னும் மென்பொருளும் உண்டு. ஆதலின், செலவுக்கு அஞ்சும் பெற்றோர் அதனையே முதலில் நாடலாம்.

இனி, சிங்கப்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏர்பஸ் ஏ320 விமானத்தை ஓட்டுவோம். இவ்வழித்தடத்தில் இவ்வகை விமானங்கள் உண்மையாகவே பறந்துள்ளன. நேர்த்தொலைவு ஏறக்குறைய 260 கடல் மைல். பூமியின் அட்சரேகையில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறே ஒரு கடல் மைல். அது 1,852 மீட்டர்.

முதல் வினா: எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது? தொட்டிகளை நிரப்பிவிட்டால் கவலையில்லை என்று பிள்ளைகள் எண்ணுவர். அது பிழை. இவ்விமானத்தின் வெற்றெடை சுமார் 42 டன். 180 பயணிகளும் அவர்தம் பெட்டிகளும் சேர்ந்து ஏறக்குறைய 16 டன். தொட்டிகள் நிறைந்தால் மேலும் 19 டன். ஆக 77 டன். ஆனால் தரையிறங்குவதற்குரிய எடை வரம்போ, விமானத்தின் உள்வகைக்கேற்ப 64 முதல் 67 டன் வரையே. ஒரு மணி நேரப் பயணத்தில் இரண்டரை டன் அளவே எரியுமாதலால், ஈப்போவை அடையும்போது விமானம் இறங்கத் தகாத பாரத்தோடு வானில் நிற்கும். ஆகவே பயணத்திற்கு வேண்டியதும், ஈப்போவில் இறங்க இயலாவிடில் வேறு நிலையத்திற்குச் செல்ல வேண்டியதும், சிறிது சேமிப்புமாக ஆறு டன் அளவில் ஏற்றுவதே தகும்.

விமானி அறை இருண்டிருக்கிறது. மின்கலங்களின் சுவிட்சுகளை அழுத்தி, வால் பகுதியிலுள்ள சிறு துணை இயந்திரத்தை இயக்குகிறோம். மின்சாரம் தருவது அதுவே. பெரிய இயந்திரங்களைச் சுழற்றித் தொடங்கி வைக்கும் காற்றழுத்தமும் அதனுடையதே. அடுத்து, நிலையறி கருவிகளின் மூன்று குமிழ்களையும் திருப்புகிறோம். விமானம் அசையாது நிற்கும் சில நிமிடங்களில் இவை பூமியின் சுழற்சியையே உணர்ந்து, வடதிசை எதுவெனக் கண்டுகொள்கின்றன. பொறுமையற்ற பிள்ளைகள் இங்கேதான் தவறுகின்றனர். பின்னர்ப் பயணக் கணினியில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் எழுத்துக்குறிகளால் பதிகிறோம். ஈப்போவின் குறி டபிள்யூ.எம்.கே.ஐ. அதன் பின்னரே வலப்புற இயந்திரமும் இடப்புற இயந்திரமும் ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறுகின்றன.

மேலெழுவது எளிது, தானியங்கிக் கருவியே பெரும்பாலும் ஓட்டும். இறங்குவதே கலை. 30,000 அடி உயரத்தில் செல்வதாகக் கொள்வோம். ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் வீதம் 90 கடல் மைல் வேண்டும். வேகத்தைக் குறைக்க மேலும் பத்து. ஆகவே ஈப்போவுக்கு 100 கடல் மைல் இருக்கும்போதே, அதாவது கோலாலம்பூர் வட்டாரத்திலேயே, இறங்கத் தொடங்குதல் வேண்டும். மூன்றாம் வாய்பாட்டை முணுமுணுத்தவாறே கீழே பார்க்கலாம். தாப்பாவுக்கு மேல் சுமார் 8,000 அடி. கம்பாருக்கு மேல் 5,000 அடி. கிந்தா பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்கக் குளங்கள் கண்ணாடித் துண்டுகளெனத் தோன்றும். முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்து செம்பனைக்கு மாறிய நிலங்களும் வரிசை வரிசையாய்த் தெரியும். பாட்டனார் பால்வெட்டிய நிலத்தைப் பேரப்பிள்ளை மேலிருந்து தேடுவதில் வியப்பில்லை.

ஆயினும் கண்களை நம்பிவிடலாகாது. வலப்புறத்தே தித்திவங்சா மலைத்தொடர் நிற்கிறது. அதன் உயர்ந்த சிகரமான குனோங் கோர்பு 2,183 மீட்டர்; அடிக்கணக்கில் 7,162. மேகம் மறைத்தால் மலை தெரியாது; உயரமானியே துணை. அம்மானியோ காற்றழுத்தத்தை அளந்தே உயரத்தைக் கூறும். தரையருகே ஓர் அலகுக்கு ஏறக்குறைய 28 அடி. ஈப்போவில் அழுத்தம் 1008 ஆக இருக்க, நாம் 1013 என்றே விட்டுவிட்டால், மானி காட்டுவதைவிட விமானம் 140 அடி தாழ்ந்திருக்கும்!

சாங்கி ஓடுபாதையின் நீளம் 4,000 மீட்டர். ஈப்போவினுடையதோ அதில் பாதியளவே. எனவே வேகம் மிகலாகாது. பத்து காஜா பக்கமிருந்து வடகிழக்கு நோக்கி வருகிறோம். சக்கரங்களும் இறக்கை மடல்களும் இறங்கிவிட்டன. ஐந்து கடல் மைல் தொலைவில் தரைக்கு மேல் 1,500 அடி; விமான நிலையம் கடல்மட்டத்திற்கு மேல் 130 அடியில் இருப்பதால் மானி 1,630 காட்ட வேண்டும். வேகம் மணிக்கு 140 கடல் மைலெனில், அதனை ஐந்தால் பெருக்குக: நிமிடத்திற்கு 700 அடி இறங்க வேண்டும். இக்கணக்கில் பெரிதும் பிறழ்ந்தால் இறங்க முயலாது மீண்டும் மேலேறுவதே அறிவுடைமை. நேரே சென்றால் மலைத்தொடர் எதிர்ப்படுமாதலால், எப்பக்கம் திரும்புவதென்பதை வரைபடத்தில் முன்னரே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

நாற்காலியில் அமர்ந்து ஓட்டும் நமக்கு விமானத்தின் குலுக்கமும் உடல் அழுந்துவதும் தெரிவதில்லை. வீட்டுப் பயிற்சியால் மட்டும் எவரும் விமானியாகிவிட முடியாது. எனினும் இக்கணக்குகளில் ஒன்றேனும் போலியன்று. மெய்யான விமானியும் இவற்றையே போடுகிறார்.

பயிற்சி: விமானமொன்று 24,000 அடி உயரத்தில் பறக்கிறது. வேகக் குறைப்புக்குரிய பத்துக் கடல் மைலையும் சேர்த்து, ஈப்போவுக்கு எத்தனை கடல் மைல் முன்னதாக இறங்கத் தொடங்க வேண்டும்? அதனைக் கிலோமீட்டராகவும் மாற்றுக. விடையைத் தத்தம் வகுப்பாசிரியரிடம் காட்டுக.