ரிசர்வ் லைட் எதைப் பார்த்து எரிகிறது?

கச்சிராயபாளையம் தாண்டி கல்வராயன் மலை ஏறும் கார்களில் வழக்கமாகக் கேட்கிற புகார் ஒன்று உண்டு. அடிவாரத்தில் சும்மா இருந்த பெட்ரோல் லைட், ஏற்றத்தில் பளிச்சென்று எரியும். வெள்ளிமலை போய்ச் சமதளத்தில் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். “மீட்டர் போச்சு” என்று முடிவுகட்டி, கீழே இறங்கியதும் கள்ளக்குறிச்சியில் ஒர்க் ஷாப்பில் வண்டியை விடுவார்கள். அங்கே எல்லாம் ஒழுங்காகவே காட்டும். அதன் பிறகு டீக்கடை வரைக்கும் ஆளுக்கொரு விளக்கம். அவற்றில் அடிக்கடி காதில் விழுபவற்றைப் பார்ப்போம்.

“மேட்டுல எரிஞ்சு சமதரையில அணைஞ்சா லைட்ல கோளாறு”

அந்த லைட்டுக்குப் பெட்ரோல் தெரியாது. டேங்குக்குள் கிடக்கும் ஒரு சின்ன மிதவையைத்தான் தெரியும். மிதவையைத் தாங்கும் கம்பி ஏறி இறங்கும்போது, அதன் மறுமுனை ஒரு மின்தடைப் பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். அந்த மின்தடையின் அளவைத்தான் டேஷ்போர்டு ‘இத்தனை பெட்ரோல்’ என்று படிக்கிறது. காரின் டேங்க் குடம் மாதிரி உயரமானதில்லை. பெரும்பாலான கார்களில் பின்சீட்டுக்கு அடியில் படுத்துக் கிடக்கும் அகலப் பெட்டி அது. அதில் ஐந்தாறு லிட்டர் மட்டும் இருக்கும்போது வண்டி மூக்கைத் தூக்கினால், பெட்ரோல் பின்பக்கம் ஒதுங்கிவிடும். மிதவை முன்பக்கமாக இருந்தால் அது இறங்கும், லைட் எரியும். வேறு அமைப்புள்ள வண்டியில் இதே கூத்து இறக்கத்தில் நடக்கும்.

குலுங்கும்போதெல்லாம் முள் ஆடக்கூடாது என்பதற்காக மீட்டரைக் கம்பெனியே வேண்டுமென்று மந்தமாக வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரு வளைவில் எரியாத லைட், விடாமல் ஏறினால் எரிகிறது; சமதளத்துக்கு வந்தாலும் உடனே அணைவதில்லை. இது பழுது இல்லை. அதற்காக அலட்சியமாகவும் விட முடியாது. பாதி டேங்க் பெட்ரோல் இருக்கிற வண்டியில் எந்தச் சரிவும் இந்த லைட்டை எரியவைக்காது. சரிவில் எரிகிறது என்றாலே டேங்க் கிட்டத்தட்ட அடிக்கு வந்துவிட்டது.

“லைட் எரிஞ்ச பிறகும் 50 கிலோமீட்டர் ஓடும்”

எந்த ரோட்டில் என்று யாரும் கேட்பதில்லை. லைட் எரியும்போது எத்தனை லிட்டர் மிச்சம் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் பாருங்கள். உளுந்தூர்பேட்டை - சேலம் நெடுஞ்சாலையில் டாப் கியரில் 50 கிலோமீட்டர் இழுக்கிற அதே பெட்ரோல், இரண்டாவது கியரில் முக்கி ஏறும் மலைச்சாலையில் அவ்வளவு தூரம் வராது. ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்’ என்று திரையில் ஓடும் எண்ணும் இப்படித்தான். கடைசியாக ஓடிய தூரத்தின் மைலேஜை வைத்து அது கணக்குப் போடுகிறது. நெடுஞ்சாலையிலிருந்து நேராக வந்து மலை ஏறுகிறவருக்கு முதலில் தாராளமாகக் காட்டும், பிறகு மளமளவென்று இறங்கும்.

இன்னொன்று, பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. தினமும் லைட் எரிய எரிய ஓட்டுவது பம்புக்கு ஆகாது. டீசல் வண்டியில் ஒருமுறை முழுக்க வற்றவிட்டால் லைனில் ஏர் ஏறிக்கொள்ளும். பிறகு டீசல் ஊற்றினாலும், பல வண்டிகளில் ஏர் எடுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். மலைமேல் கரியாலூர் பக்கத்து வளைவில் ராத்திரி நேரத்தில் செய்கிற வேலையா அது?

“நியூட்ரல்ல இறக்கினா மிச்சம் பிடிக்கலாம்”

இருப்பவற்றில் ஆபத்தான நம்பிக்கை இதுதான். கார்புரேட்டர் காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், இன்ஜின் போதிய வேகத்தில் சுற்றும்வரை பெட்ரோல் பாய்வதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் செலவாகிறது. அதோடு இன்ஜின் பிடிமானமும் போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழுகிறது. பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் நின்றால் பவர் ஸ்டீயரிங் இறுகும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு கல்லாகும்.

“எத்தனால் கலந்ததிலிருந்து மீட்டர் எல்லாம் கெட்டுப்போச்சு”

மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வைத்திருக்கிற கரும்பு நாட்டில் எத்தனால் பேச்சு வராமல் இருக்குமா? 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த E20 பெட்ரோலால் மைலேஜ் குறைவது உண்மை. எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென வடிவமைத்து E10-க்குச் சரிசெய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. ஆகவே ரிசர்வில் ஓடும் தூரமும் அந்த அளவுக்குக் குறையும். அதை மீட்டர் தவறு என்று நினைத்துக்கொள்வது எளிது.

எரிபொருளே மீட்டரைக் கெடுத்த கதை ஒன்று உண்மையாகவே உண்டு. 2004 மே மாதம் அமெரிக்காவில் லூசியானா மாநில சுத்திகரிப்பு ஆலை ஒன்றிலிருந்து கந்தகம் மிகுந்த பெட்ரோல் போய், புளோரிடா வரை கார்களின் பெட்ரோல் மீட்டர்கள் தாறுமாறாகக் காட்டின. மிதவையும் மின்தடைப் பட்டையும் சேர்ந்த டேங்க் யூனிட்டின் வெள்ளித் தொடுமுனைகளைக் கந்தகம் பாழாக்கிவிட்டது. நம் ஊரில் 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி.

“லைட் எரியலையா? பல்ப மாத்து. இல்லன்னா மீட்டரையே மாத்து”

இதில்தான் வீண் செலவு அதிகம். முதலில் முள்ளையும் லைட்டையும் சேர்த்துப் பாருங்கள். முள் சரியாக இறங்கியும் லைட் மட்டும் எரியவில்லை என்றால் கோளாறு லைட் பக்கம்: பழைய வண்டியில் பல்பு, அல்லது லைட்டுக்கென டேங்கில் வைத்திருக்கும் தனி சென்சார், புதிய வண்டியில் மீட்டர் போர்டு. முள்ளும் லைட்டும் சேர்ந்து பொய் சொன்னால் மீட்டரைத் தொடாதீர்கள். கை வைக்க வேண்டிய இடம் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

சீட்டைத் தூக்கினால் பல மாடல்களில் ஒரு வட்ட மூடியும், அதில் செருகிய கப்ளரும் தெரியும். கப்ளருக்குள் பச்சைப் பாசி மாதிரி துரு பிடித்திருக்கலாம். எர்த் வயர் பாடியோடு சேரும் போல்ட் துருவேறித் தளர்ந்திருக்கலாம். கொல்லையில், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கிற வண்டி என்றால் வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பல புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

வயர் நன்றாக இருந்தால் டேங்க் யூனிட்டை வெளியே எடுக்க வேண்டும். மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருந்தால் அது எழும்பாது. ஃபுல் டேங்க் போட்டாலும் லைட் எரிந்துகொண்டே இருக்கும். கம்பி வளைந்திருந்தால் எப்போதும் ஒரே அளவுக்குக் கூட்டியோ குறைத்தோ காட்டும். பட்டை தேய்ந்திருந்தால் குறிப்பிட்ட ஓர் இடத்தில் மட்டும் முள் துள்ளும். மல்டிமீட்டரை மாட்டிக்கொண்டு கம்பியை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் மின்தடை சீராக மாற வேண்டும். நடுவில் அறுந்தால் யூனிட்டை மாற்ற வேண்டியதுதான். “சேண்ட் பேப்பர் போட்டு ஒரு தேய் தேய்ச்சா சரியாயிடும்” என்பார்கள். அந்தப் பட்டை அவ்வளவு மெல்லியது. தேய்த்தால் ஒரு வாரத்துக்குச் சரியாகி, பிறகு அடியோடு போகும்.

டேங்கைத் திறக்கும் வேலையை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் பக்கத்தில் இல்லாமல் செய்கிற வேலை அது. சரியாகும் வரை, டேங்கை நிரப்பி ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்து, கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுங்கள்.

“புது வண்டியில இதெல்லாம் வராது”

2025 நவம்பரில் மாருதி சுசூகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இதேதான்: ஸ்பீடோமீட்டர் பகுதியில் உள்ள எரிபொருள் அளவும் எச்சரிக்கை லைட்டும் சரியாகக் காட்டாமல் போகலாம் என்ற சந்தேகம். 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரான வண்டிகள் அவை. கோளாறுள்ள பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. உங்கள் வண்டியின் மீட்டர் சந்தேகமாக இருந்தால் ஒர்க் ஷாப்புக்குப் போகுமுன் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். திரும்ப அழைத்த பட்டியலில் உங்கள் வண்டி இருந்தால் அந்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.