இருட்டில் ஒளிரும் கறைகள்

பிள்ளை மூத்திரம் போன மெத்தையைக் கழுவி வெயிலில் காயப் போட்டாலும், இடவப்பாதி மழை பிடித்ததும் பழைய வாடை திரும்ப வருவதை உம்மாமார் அறிவார்கள். மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. பஞ்சுக்குள் தங்கியிருந்து ஈரம் பட்டதும் மணக்கும். அது எந்த இடம் என்று பகலில் தெரியாது. புற ஊதா டார்ச் காட்டிக்கொடுக்கும்.

புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குப் புலப்படாதது. சில பொருட்கள் அதை உள்வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிடும். காய்ந்த மூத்திரக் கறை வெளிறிய மஞ்சளாகவோ நீலம் கலந்தோ மினுங்கும். கடைக்காரர்கள் ரூபாய் நோட்டை ஊதா விளக்கில் பிடிப்பதும் இதற்காகத்தான். நோட்டின் எண்களும் தாளிலுள்ள நுண்ணிய நார்களும் அதில் ஒளிரும். தேளும் பச்சை நீலமாக ஒளிரும். விறகு அடுக்கியிருக்கும் வீட்டில் அதுவே பெரிய உபகாரம்.

டார்ச் வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள். 395 விலை குறைவு. ஆனால் அதன் ஊதா வெளிச்சமே மங்கலான கறையை மறைத்துவிடும். இரவில் விளக்குகளை அணைத்து, கண் இருட்டுக்குப் பழகியபின் பாருங்கள். கறையைச் சுற்றி சாக்குக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டால் காலையில் அந்த இடத்தை மட்டும் கழுவலாம். முதலில் தண்ணீர், பிறகு சோப்பு. மூத்திரத்தின் மேல் நேராக பிளீச்சிங் பவுடர் போட்டால் நெஞ்சை அடைக்கும் வாயு கிளம்பும்.

ஒளிர்வதெல்லாம் நஜீஸ் அல்ல. சலவைத் தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் நீலமாக ஜொலிக்கும், மஞ்சள்பொடியும் ஒளிரும். இரத்தமோ ஒளிராமல் கறுப்பாகத் தெரியும். ஆகவே துவைத்த முசல்லாவை டார்ச் அடித்துப் பார்த்து மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சந்தேகத்தால் உறுதி நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை. பள்ளியில் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றத்தான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். வஸ்வாஸ் உள்ளவர்கள் இந்த டார்ச்சை வாங்காமலிருப்பதே நல்லது.

டார்ச்சின் உண்மையான பயன் அரிசி மூட்டை வைக்கும் அறையில்தான் என்பேன். எலி மூத்திரமும் ஒளிரும்; சுவரோரமாக, எலி ஓடும் பாதையில், சொட்டுச் சொட்டாகத் தெரியும். எலிக்காய்ச்சல் கிருமி அதில் இருக்கலாம். ஈரத்தில் அது பல நாள் உயிரோடிருந்து, காலிலுள்ள சிறு புண் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உடம்புக்குள் புகும். அந்த இடத்தை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் நனைத்துத் துடையுங்கள். மழைக்காலத்தில் கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், வீட்டில் எலி உண்டு, தண்ணீர் தேங்கிய விளையில் இறங்கினேன் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும் நோய் இது. தாமதித்தால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும்.

டார்ச்சைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், கண்ணுக்கு நேரே அடிக்காதீர்கள். கிருமி கொல்லும் விளக்கு என்று விற்கும் 254 நானோமீட்டர் விளக்கு வேறு. அது எரியும் அறையில் ஆள் இருந்தால் கண்ணும் தோலும் வெந்துபோகும்.