தரம் 6இலேயே தொடங்குங்கள்

மூதூர், கிண்ணியா, வெருகல், குச்சவெளிப் பக்கத்துப் பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பருவமடைதல் பாடம் வந்ததும் "வீட்டில வாசிச்சிட்டு வாங்க" என்று கடந்துவிடாதீர்கள். திருகோணமலைக் கிராமங்களில் எத்தனையோ தாய்மார் மத்திய கிழக்கில் வீட்டு வேலையில் இருக்கிறார்கள். பிள்ளை அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ வளர்கிறது. அந்தக் கிழவியிடம் இதை எப்படிக் கேட்கும்?

முதல் வேலை பெற்றோர் கூட்டம். தரம் 7 பிள்ளைகளுக்கென்று கல்வி அமைச்சு தயாரித்த 'ஹத்தே அபே பொத்த' என்ற துணைநூல், சில பிக்குமாரின் எதிர்ப்புக்குப் பின் வகுப்பறைக்குப் போகாமல் நின்றுபோனது. ஊர் அளவிலும் அப்படி நடக்கலாம். ஆகவே அதிபரின் சம்மதத்தோடு, என்ன சொல்லப் போகிறீர்கள், எந்தப் படத்தைக் காட்டப் போகிறீர்கள் என்பதைப் பெற்றோருக்கும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கும் முன்கூட்டியே காட்டுங்கள். பேசுவதற்குக் குடும்பநல உத்தியோகத்தரை அழையுங்கள். கர்ப்ப காலத்திலிருந்து வீடு வீடாகப் போய்ப் பழகியவர் அவர். அவர் சொன்னால் தாய்மார் கேட்பார்கள்.

அடுத்தது காலம். 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. ஊசி போட வரும் நாளுக்கு முந்திய வாரமே பாடத்தைத் தொடங்குங்கள். "கருப்பை எங்க இருக்கு? ஏன் எங்களுக்கு மட்டும் ஊசி?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். சிலர் அதற்குள் பருவமடைந்தும் இருப்பார்கள். தரம் 8 வரை காத்திருந்தால் பலருக்கு இரத்தம் கண்டு பயந்து அழுத பிறகுதான் விளக்கம் கிடைக்கும்.

முதல் பாடத்தை ஆண், பெண் பிரித்து நடத்துங்கள். கரும்பலகையில் கருப்பை, சூலகம், பலோப்பியன் குழாய் மூன்றையும் பெரிதாக வரையுங்கள். மாதவிடாய் 2 முதல் 7 நாள் இருக்கும். தொடங்கிய முதல் ஓரிரு வருடங்களில் 21 நாளுக்கும் வரலாம், 45 நாளுக்கும் வரலாம், அது நோயல்ல என்று சொல்லுங்கள். ஒரு சுகாதார அணையாடையை (பாட்) பிரித்துக் கைக்குக் கை கொடுங்கள். 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். துணி பாவிக்கிறவர்கள் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயிலில் காயப்போட வேண்டும். வெட்கத்தில் கட்டிலுக்கடியில் ஒளித்துக் காயவைத்த ஈரத்துணியால் கடியும் தொற்றும் வரும். பாடசாலையில் வாராவாரம் கொடுக்கும் இரும்புச்சத்துக் குளிசையைத் தேநீரோடு விழுங்கக் கூடாது; தேநீர் இரும்பை உடலில் சேரவிடாது.

சாமத்தியச் சடங்கைக் குறைத்துப் பேசாதீர்கள், அது அந்த வீட்டின் சந்தோஷம். ஆனால் எத்தனை நாள் பாடசாலைக்கு வராமல் இருக்கப்போகிறாள் என்று கேட்டு, தவறும் பாடக் குறிப்புகளை அனுப்பிவிடுங்கள். வராத நாட்கள் நீண்டுபோய் இடைவிலகிவிடும் பிள்ளைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

பையன்களுக்குச் சொல்ல ஆளே இல்லை. குரல் உடைவது, உறக்கத்தில் விந்து வெளியேறுவது எல்லாம் இயல்பு, அதனால் உடம்பு மெலியாது என்று ஒரு ஆண் ஆசிரியர் நேராகச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். மாதவிடாய் பற்றியும் அவர்கள் படிக்கட்டும். சட்டையில் கறை பட்ட மாணவியைப் பார்த்துச் சிரிப்பது அப்போதுதான் நிற்கும்.

பிறகு கேள்விப் பெட்டி. எழுத எதுவும் இல்லாதவரும் வெற்றுத்தாளை மடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கேட்டவர் யார் என்று தெரிந்துவிடும். தாள்களை வீட்டில் வாசித்து, அடுத்த பாடத்தில் பதில் சொல்லுங்கள்.

ஏதாவதொரு தாளில் துன்புறுத்தல் பற்றி எழுதியிருந்தால் அதை வகுப்பில் வாசிக்காதீர்கள், கையெழுத்தை வைத்துத் துப்புத் துலக்கவும் வேண்டாம். "எழுதியவர் என்னிடம் தனியே வரலாம்" என்று பொதுவாகச் சொல்லி, எங்கே, எப்போது இருப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை வந்தால் குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள். யாருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணாதீர்கள். அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. அன்றைக்கே அதிபருக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், பிள்ளையே அழைக்கலாம். அதை எல்லா மாணவரையும் கொப்பியில் எழுதவையுங்கள்.