டிராக்டர் டிரெய்லருக்கு டயர் வாங்கப் போகிறீர்களா?

தை பிறந்துவிட்டால் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி பக்கச் சாலைகளில் நெல் ஏற்றிய டிராக்டர்களைத் தாண்டி வருவதே பெரும்பாடு. அறுவடை ஓய்ந்த பிறகு அதே டிரெய்லர் வைக்கோல் ஏற்றும், குரும்பூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும், தைலமரக் கட்டை ஏற்றும். வீடு கட்டுகிறவர் கூப்பிட்டால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும். டிராக்டருக்கு நாள் தவறாமல் ஆயில் மாற்றுகிறவர்கள்கூட, பின்னால் வரும் பெட்டியின் டயரை அது வெடிக்கும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை. லாரியில் கழற்றிய டயரில் கொஞ்சம் பட்டன் மிச்சமிருந்தால், "டிரெய்லருக்குத்தானே, இது போதும்" என்று மாட்டிவிடுகிறார்கள். ஒரு டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கும் அதில் எவ்வளவு பட்டன் இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள டயரின் பக்கவாட்டைப் படிக்க வேண்டும். அதற்கும் முன்னால் உங்கள் வண்டியின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எடை மேடை

கடைக்குப் போவதற்கு முன் எடை மேடைக்குப் போங்கள். டிரெய்லரைக் காலியாக ஒருமுறை, நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற அதிகபட்ச பாரத்துடன் ஒருமுறை எடை போடுங்கள். நான்கு சக்கர டிரெய்லர் என்றால் முன் அச்சை மட்டும், பின் அச்சை மட்டும் தனித்தனியாக மேடையில் நிறுத்தி எடை எடுக்கச் சொல்லுங்கள். இந்தச் சீட்டுதான் டயர் வாங்குவதற்கான அடிப்படை. ஆர்.சி. புத்தகத்தில் காலி எடையும் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் இருக்கும். அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல டிரெய்லர்களில் பின்னாளில் பக்கத் தகடு உயர்த்தியிருப்பார்கள், அடியில் கூடுதல் சேனல் பற்றவைத்திருப்பார்கள். அந்த இரும்பின் எடை புத்தகத்தில் ஏறியிருக்காது.

கண்ணளவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. 12 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி உயரப் பெட்டியில் 144 கன அடி கொள்ளும். கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். அறுவடை இயந்திரத்திலிருந்து நெல்லை அப்படியே கொட்டி விளிம்பு மட்டம் நிரப்பினால் ஏறக்குறைய இரண்டரை டன் வரும். அதே பெட்டியில் அதே மட்டத்துக்கு ஈர எம்-சாண்ட் நிரப்பினால் ஏழு டன்னைத் தாண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே லோடு. டயருக்கு ஒன்று மற்றதைப் போல மூன்று மடங்கு. ஆகவே நெல்லுக்கென்று வாங்கிய டயரோடு மணல் வாடகைக்குப் போகிறவர், அந்த டயருக்கு ஒத்த அளவில்தான் மணல் ஏற்ற வேண்டும். அல்லது மணலுக்கு ஏற்ற டயர் வாங்க வேண்டும்.

ஒரு டயரின் பங்கு

மொத்த எடையைச் சக்கரங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. பாரம் ஒருபோதும் சமமாக உட்காராது. நான்கு சக்கர டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலி எடை 1,700 கிலோ. 40 கிலோ மூட்டைகள் 125 ஏற்றுகிறீர்கள், 5,000 கிலோ. ஆக மொத்தம் 6,700 கிலோ. நான்கால் வகுத்தால் 1,675 கிலோதான் வரும். ஆனால் மூட்டைகள் பின்பக்கம் கொஞ்சம் கூடுதலாக அடுக்கப்பட்டு, 55 சதவீதம் பின் அச்சில் விழுந்தால் அங்கே 3,685 கிலோ. ஒரு டயருக்கு 1,843 கிலோ. பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் வரப்பு ஓரமாக ஒரு பக்கம் சாயும்போதும் பாரம் இன்னும் ஒதுங்கும். அதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2,210 கிலோ. இந்த டிரெய்லரின் ஒவ்வொரு டயரும் தாங்க வேண்டிய அளவு இதுதான்.

இரண்டு சக்கர டிப்பரில் பாரத்தின் ஒரு பகுதி டிராக்டரின் கொக்கியில் விழும். அதைக் கழித்துவிட்டுச் சிறிய டயர் வாங்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கழிக்காதீர்கள். பின்பக்கம் அதிகம் ஏற்றினாலும், கொட்டுவதற்காகப் பெட்டியைத் தூக்கினாலும் அந்தப் பங்கு டயருக்கே திரும்பி வந்துவிடும்.

டயரில் எழுதியிருப்பது

பக்கவாட்டில் முதலில் கண்ணில் படுவது 9.00-16 போன்ற அளவு. இது ரிம்மில் பொருந்துமா என்பதைத்தான் சொல்கிறது. அடுத்து 14 பி.ஆர்., 16 பி.ஆர். என்று இருக்கும். பருத்தி நூல் அடுக்குகளால் டயர் செய்த காலத்தில் அது உண்மையிலேயே அடுக்குகளின் எண்ணிக்கை. இன்று நைலானில் அத்தனை அடுக்குகள் இருப்பதில்லை. அத்தனை அடுக்கின் வலு உண்டு என்பதற்கான குறி மட்டுமே. ஒரே அளவில் பி.ஆர். கூடினால் கூடுதல் காற்றும் கூடுதல் சுமையும் தாங்கும். ஆனால் ஓர் அளவின் 16 பி.ஆரை வேறோர் அளவின் 16 பி.ஆரோடு ஒப்பிட முடியாது. கடையில் "பதினாறு பிளை போட்டாச்சு, எதுவும் ஆகாது" என்று சொல்வதை நம்பி இறங்க வேண்டாம்.

தேட வேண்டியது லோடு இண்டெக்ஸ். ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் சேர்ந்து நிற்கும். எண் சுமைக்கு, எழுத்து வேகத்துக்கு. 120 என்றால் ஒரு டயருக்கு 1,400 கிலோ. 125 என்றால் 1,650. 130 என்றால் 1,900. 136 என்றால் 2,240. 140 என்றால் 2,500. 146 என்றால் 3,000 கிலோ. மேலே போட்ட கணக்குக்கு 136 தேவை. 130 வாங்கினால் காகிதத்தில் தாங்குவது போலத் தெரிந்தாலும் கையிருப்பு எதுவும் மிஞ்சாது. 146/143 என்று இரண்டு எண் இருந்தால், முதலாவது ஒற்றை டயராக ஓடும்போது, இரண்டாவது இரட்டையாக மாட்டும்போது. இரட்டையில் ஒவ்வொன்றின் சுமையும் குறைவாகவே கணக்கிடப்படும்.

எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். ஏ8 என்றால் மணிக்கு 40 கிலோமீட்டர் வரைதான். விவசாயக் கருவிகளுக்கென்று செய்த டயர்களில் இது சாதாரணம். அந்த டயரோடு திருச்சி - காரைக்குடி நெடுஞ்சாலையில் பாரத்தை இழுத்துக்கொண்டு வேகம் பிடித்தால், எடை அளவுக்குள் இருந்தாலும் டயர் சூடேறி அடுக்கு பிரியும்.

சில டிரெய்லர் டயர்களில் பி.ஆர். மட்டும் இருக்கும், லோடு இண்டெக்ஸ் இருக்காது. அப்போது அதிகபட்ச சுமை இத்தனை கிலோ, இத்தனை காற்றில் என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லை என்றால் அந்தக் கம்பெனியின் சுமை அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். "அண்ணே, இது சிங்கிள்ல எத்தனை கிலோ, எத்தனை காத்துல?" என்ற ஒரே கேள்வி போதும். பதில் சொல்ல முடியாத கடையில் வாங்க வேண்டாம்.

வயசு

பேருந்து டயர் தேய்ந்து சாகும்; டிரெய்லர் டயர் நின்றே சாகும். அறுவடைக்கும் அறுவடைக்கும் நடுவில் மாதக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் நிற்பதால் பட்டன் புதிதாக இருக்கும்போதே ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. புது டயர் என்று விற்றாலும் இதைப் பார்த்தே வாங்குங்கள். பழைய லாரி டயரை வாங்கியே தீர வேண்டிய நிலை என்றால், ஆறு ஆண்டுக்கு மேற்பட்டதையும், பக்கவாட்டில் முடிவெடிப்போ வீக்கமோ தெரிவதையும் தொடாதீர்கள். ரீபட்டன் போட்டது புதிது போல மின்னும். உள்ளே இருப்பது பழைய உடம்புதான்.

மாட்டும்போது

ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே வகை. ஒருபுறம் ரேடியலும் மறுபுறம் நைலானும் வேண்டாம். புது டயருக்குப் புது டியூபும் புது பிளாப்பும் போடுங்கள். ரிம் துரு தின்று மெலிந்திருந்தால் டயரை உயர்த்திப் பயனில்லை. வளையம் போட்ட ரிம்மில் காற்று ஏற்றும்போது நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. வளையம் தெறித்தால் உயிரைக் குடிக்கும். கடைப் பையன் பக்கத்தில் குனிந்து நின்றால் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

காற்றுதான் சுமக்கிறது

டயரில் எழுதிய சுமை, அதில் எழுதிய காற்றழுத்தம் இருந்தால்தான் செல்லும். டிராக்டரின் பெரிய பின் டயருக்குக் குறைவாகக் காற்று வைக்கும் பழக்கத்தில் டிரெய்லர் டயரையும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். டிரெய்லர் டயருக்கு அதைப் போலப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். காலையில் வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளவுமானி வைத்துப் பாருங்கள். ஓடிச் சூடான பிறகு அளவு ஏறியிருக்கும். அதற்காகக் காற்றை இறக்கக் கூடாது.

நம் மாவட்டத்தில் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். கண்மாய்க்கரையிலும் தரிசிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அந்த முள் ஏறினால் டயர் உடனே இறங்காது. மெல்லமெல்லக் காற்று போகும். ஓட்டுகிறவருக்கு டிராக்டரில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் தெரியாது. காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், உள்ளே வெப்பம் ஏறும், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் சேர்ந்துகொள்ளும். வெடிப்பது அன்றைக்கு இருக்கலாம். கெட்டது பல நாள் முன்னமே. பாரம் ஏற்றிய பின் ஒருமுறை, வழியில் டீக்கு நிற்கும்போது ஒருமுறை இறங்கி நான்கு டயரையும் பாருங்கள். ஒன்று மட்டும் தொடச் சுடுகிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

அதிக பாரம் ஏற்றுவதில் சட்டமும் கடுமையாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, அனுமதித்த எடையை மீறினால் 20,000 ரூபாய் அபராதம், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அந்தப் பணத்துக்கு நல்ல டயரே வாங்கிவிடலாம்.

லோடுக்கு மேலே ஆள் ஏற்றாதீர்கள். நடவுக்கும் அறுவடைக்கும் போகிற பெண்கள் வைக்கோல் பாரத்தின் உச்சியிலும் மூட்டைகளின் மேலும் உட்கார்ந்து வருவதை இன்னும் பார்க்க முடிகிறது. டயர் வெடித்தால் டிரெய்லர் குடைசாயும். மேலே இருப்பவர்களுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சம்பா அறுவடைக்கு முன்னால், மார்கழியிலேயே ஒரு காலை நேரத்தை ஒதுக்கி வண்டியை எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு டயர் கடைக்குப் போங்கள்.