பணிய மறுத்த கியர்

இங்கிலாந்தின் ரெடிச் நகரில் உருவானது புல்லட் மோட்டார் சைக்கிள். அதனை இந்தியாவிலேயே உருவாக்குவதற்காக 1955 ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு நிறுவனம் தோன்றியது. தொடக்கத்தில் இங்கிலாந்து உறுப்புகளே திருவொற்றியூர் ஆலையில் இணைக்கப்பட்டன. பின்னர் உறுப்புகளும் இந்நாட்டிலேயே உருவாயின.

பழைய புல்லட்டில் கியர் மிதி வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் உரியவை. முதல் கியருக்கு மிதியை மேலே உயர்த்த வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். இக்கால வண்டியில் பழகியவர், பிரேக் என எண்ணிக் கியரை மிதித்துத் திகைப்பதுண்டு!

பணிமாற்றத்தால் ஜபல்பூருக்குச் சென்ற ஒரு குடும்பம், தாத்தாவின் புல்லட்டையும் சாக்குத்துணி சுற்றி இரயிலில் கொண்டு சென்றது. மூன்று மாதங்கள் வண்டி வாசலிலேயே நின்றது. பின்னர் உதைத்தபோது பொறி இயங்கியது. கியரோ கறகறவென ஒலித்து விழ மறுத்தது.

"கியர்ப்பெட்டியையே பிரிக்க வேண்டும், பழைய இரும்புக்கு விற்றுவிடுவதே மேல்" என்றார் பணிமனைக்காரர். தந்தையும் இசையத் தொடங்கினார்.

"தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே, அப்பா" என்றாள் மகள்.

தொலைபேசியில் தாத்தா, "கிளட்ச் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது, அம்மா?" என்றார். பிடி மிகவும் தளர்ந்து ஆடியது. கேபிள் தளர்ந்தால், பிடியை முழுவதும் இழுத்தாலும் கிளட்ச் தட்டுகள் பிரியா. பொறியின் சுழற்சி கியர்ப்பெட்டிக்குச் சென்றுகொண்டே இருக்கும். பற்கள் மோதி ஒலிக்கும். தந்தை திருகைத் திருப்பிக் கேபிளை இறுக்கினார். ஒலி குறைந்தது, ஆயினும் நிற்கவில்லை.

நெடுநாள் நின்ற வண்டியில் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "பொறியை நிறுத்தி, வண்டியை நடுநிலையில் வைத்து, கிளட்சை இழுத்தபடி உதைமிதியை மிதிக்கச் சொல்" என்றார் தாத்தா. மிதி கனமாக இறங்கிப் பொறியையும் சுழற்றினால், தட்டுகள் ஒட்டியுள்ளன. எளிதில் இறங்கினால், விடுபட்டுவிட்டன. எட்டாவது முறை மிதி எளிதாக இறங்கியது.

கியர் ஓசையின்றி விழுந்தது. எனினும் ஓடும்போது, மூன்றுக்கும் நான்குக்கும் இடையே பொறி மட்டும் உறும, வண்டி இழுக்கவில்லை. கியர்ப்பெட்டியைப் பிரிக்காமலே இதனைத் திருத்த, ஒரு சிறு தட்டு உண்டு. தந்தை அதன் மரைகளைத் தளர்த்தி, நூலளவு நகர்த்தி, மீண்டும் முடுக்கினார். இரண்டு முறை பிழைத்தது. மூன்றாம் முறை பொருந்தியது. பற்களே தேய்ந்திருந்தால் இம்முறை பயன்படாது. அப்போது பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

மாலையில் தாத்தா மீண்டும் அழைத்தார். "வண்டி ஓடுகிறது, தாத்தா!" என்றாள் பேத்தி.

"தொலைபேசியைப் பொறியின் அருகில் வை, அம்மா. நான் கேட்க வேண்டும்."

சொற்பொருள்: பொறி – எஞ்சின், நடுநிலை – நியூட்ரல், மரை – நட்டு.

வினாக்கள்
1. கேபிள் தளர்ந்தால் கியர் ஒலிப்பது ஏன்?
2. தட்டுகள் விடுபட்டதை எவ்வாறு அறிந்தனர்?
3. உம் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றைப் பற்றித் தாத்தாவிடமோ பாட்டியிடமோ கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.