கொம்புக் கிடாவா, மொட்டைக் கிடாவா?

கேள்வி: செம்மறிப் பட்டிக்குக் கொம்புள்ள கிடாவைச் சேர்த்தால், ஈனும்போது குட்டி சிக்கிக்கொள்ளும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: கொம்பின் மேல் வீண் பழி. பிறக்கிற குட்டிக்குத் தடவினால் தட்டுப்படும் சிறு மொட்டு இருந்தால் உண்டு. கொம்பு நீள்வதெல்லாம் பிறகுதான். சிக்கல் வருவது பெரும்பாலும் குட்டி படுத்திருக்கும் வாகினால். முன்னங்கால் இரண்டும் நீண்டு, அவற்றின்மேல் மூக்கு படிந்து வந்தால் தாய் தானே ஈன்றுவிடும். கால் மடங்கியிருந்தாலோ தலை பின்னால் திரும்பியிருந்தாலோதான் ஆள் கை தேவை. குட்டி மிகப் பெருத்திருந்தாலும் திணறும்.

சேலம் பக்கத்து மேச்சேரி இனத்தில் கிடாவுக்கும் பொதுவாகக் கொம்பு கிடையாது. சென்னைச் சிவப்பிலும் ராமநாதபுரம் வெள்ளையிலும் கிடாவுக்கு முறுக்கிய கொம்பு, பெட்டை மொட்டை.

வித்தியாசம் தெரிவது பிடிக்கும்போதுதான். கொம்பு கைப்பிடி அல்ல. இளங்கிடாவின் கொம்பை இழுத்தால் பிய்ந்து ரத்தம் கொட்டும். ஈ மொய்த்துப் புழு வைக்கும். ஒரு கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து, மறு கையால் பின்பக்கத்தை அணைத்துப் பிடிப்பதே முறை. வயதான கிடாவின் கொம்பு வளைந்து கன்னத்தில் அழுத்துகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். கம்பிவலை வேலியில் தலையை நுழைத்து மாட்டிக்கொள்வதும் கொம்புக்காரர்தான்.

மொட்டைக் கிடா சாது என்று நம்பி முதுகைக் காட்டி நிற்க வேண்டாம். அதுவும் முட்டும்.